கன்னியம்மாவின் கத்திரிப்பூ நிறம்

ஊத்துக்கோட்டைச் சந்தையில், கைப்பம்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கன்னியம்மா தன் கொண்டையை அவிழ்த்தார்.

காலை வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரம். கத்திரிக்காய் மூட்டை இறக்கியவர்கள், கருவாட்டுக் கூடையை விலை பேசியவர்கள், பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நாற்பது வயது மதிக்கத்தக்க குடும்பப் பெண், அத்தனை ஆண்கள் நடுவில் தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு குனிந்து நின்றார்.

"ஊத்துடி அஞ்சல" என்றார்.

அஞ்சலை அவருடைய நாத்தனார். கணவன் விட்டுப் போனதால் அண்ணன் வீட்டோடு வந்து சேர்ந்தவர். அவர் அழுதுகொண்டே பம்பு அடித்துக் குடத்தைப் பிடித்து, அண்ணியின் தலையில் ஊற்றினார். கன்னியம்மா தன் கூடையிலிருந்து கத்திரிப்பூ நிறப் பாக்கெட் ஒன்றைக் கிழித்து, சீயக்காய்ப் பொடியை உள்ளங்கையில் குழைத்து, கூட்டத்தின் முன்னால் தலை முழுக்கத் தேய்த்தார். ரவிக்கை நனைந்தது. புடவை முன்றானையிலிருந்து பழுப்புத் தண்ணீர் சொட்டியது.

அலசி முடித்ததும் ஈர முடிக்குள் பத்து விரலையும் விட்டு, வேரிலிருந்து நுனிவரை இழுத்தார். இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

"பாருங்க. நல்லா பாருங்க. ஒரு முடி வந்திருக்குதா? எம் பொடியில ஒண்ணியும் கலக்கல. எம் புள்ளைங்க மேல சத்தியம்."

அந்தக் கூட்டத்தில் முதல் வரிசையில் நான் நின்றுகொண்டிருந்தேன். என் தோள்பையில் அதே கத்திரிப்பூ நிறத்தில் இரண்டு டஜன் பாக்கெட்டுகள் இருந்தன. அவை கன்னியம்மாவுடையவை அல்ல.

ஒரு வாசகியின் கடிதம்

இந்தத் தொடரைப் படித்துவரும் வாசகி ஒருவர் போன வாரம் ஒரு கடிதம் எழுதியிருந்தார். "நீங்கள் எல்லா அத்தியாயத்திலும் நல்லவராகவே வருகிறீர்கள். உங்கள் வாழ்க்கையில் நீங்கள் கெட்டவராக இருந்த நாளே கிடையாதா?" என்று கேட்டிருந்தார்.

கடிதத்தை மடித்து மேஜைக்குள் வைத்துவிட்டு வேறு ஏதோ எழுத உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. ஆகவே இந்த வாரம் இது.

எழுபதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கும்மிடிப்பூண்டியில் தகரக் கூரைக் கொட்டகைகள் ஒவ்வொன்றாக எழும்பத் தொடங்கியிருந்த காலம். அதில் ஒன்றில், சோப்பு, பல்பொடி, சீயக்காய்த் தூள் தயாரிக்கும் சிறு கம்பெனியில் நான் விற்பனைப் பிரதிநிதி. வீடு திருவள்ளூரில். கொட்டகைக்குப் போகும் நாட்களில் பேசின் பிரிட்ஜில் வண்டி மாறுவேன். மற்ற நாட்களில் ஊத்துக்கோட்டை, பள்ளிப்பட்டு, திருவாலங்காடு என்று பஸ் பிடித்துக் கடை கடையாக ஏறி இறங்குவேன்.

பேண்ட்டும் நெற்றியில் ஸ்ரீசூர்ணமுமாகப் போகும் என்னைச் சந்தையில் எல்லோரும் "ஐரே" என்றுதான் கூப்பிடுவார்கள். நான் ஐயங்கார் என்று விளக்கி அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

குளத்தில் கரைக்கும் வெல்லம்

நிறத்தைப் பற்றி எனக்கு முதல் பாடம் திருவள்ளூர்க் குளக்கரையில் கிடைத்தது.

அப்பா பெருமாள் கோவில் மடைப்பள்ளியில் இருந்தார். அமாவாசை தோறும் வெளியூர் ஜனம் வந்து குவியும். வேண்டுதலுக்காகக் குளத்தில் வெல்லம் கரைப்பார்கள். கரையோரம் வெல்லக் கடைகள். கறுத்த வெல்லம்தான் கலப்படமில்லாதது, மருந்து போட்டு வெளுக்காதது என்று வியாபாரிகளுக்கே தெரியும். ஆனால் கறுத்த வெல்லம் கூடையிலேயே கிடக்கும். மஞ்சளாக, பளிச்சென்று இருப்பதுதான் போகும்.

ஒரு கடைக்காரர் அப்பாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னது நினைவிருக்கிறது. "தண்ணியில போடுற வெல்லத்தக் கூட வெளுப்பாத்தான் கேக்குறாங்க சாமி. மீனு இன்னா கலர் பாத்தா துன்னப் போவுது?"

அப்பா சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். எனக்கு அது பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றியது. வாங்குகிறவனின் நாக்கும் மூக்கும் கண் சொல்வதைக் கேட்டுத்தான் நடக்கின்றன என்று அன்றே மனதில் பதிந்துவிட்டது.

பச்சை ஏன் போகவில்லை

எங்கள் சீயக்காய்ப் பாக்கெட் முதலில் பச்சை. இலை, காய் படமெல்லாம் போட்டு, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. பொடியும் அப்போது யோக்கியமான பொடி. ஆனால் ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் கடைகளில் தூசி படிந்து கிடந்தது.

"கத்திரிப்பூக் காயிதம் குடு" என்றுதான் பெண்கள் கேட்டார்கள். பெயர் கேட்பதில்லை. படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அவர்களுக்குக் காகிதத்தின் நிறம்தான் பெயர்.

அந்தக் காகிதம் கன்னியம்மாவுடையது. ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம். சீயக்காய், வெந்தயம், பச்சைப்பயறு, காய்ந்த எலுமிச்சைத் தோல் எல்லாம் வாங்கி, அஞ்சலை பொறுக்கிக் காயவைக்க, மிஷினில் அரைத்து, இரண்டு பேருமாக வீட்டிலேயே பாக்கெட் ஒட்டுவார்கள். சந்தையிலும் விற்பார்கள், சில கடைகளுக்கும் போடுவார்கள்.

"ஏம்மா இந்தக் கலரு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"திருவள்ளூர் பிரஸ்ஸுல நோட்டுப் புக்கு அட்டைக்குன்னு வாங்கின காயிதம் ஐரே. மீந்துபோச்சுன்னு குடுத்தாங்க. நானா தேடிப்போயி எடுத்தேன்? வந்தது, ஒட்டிக்கினேன். இப்ப வேற கலர்ல போட்டா யாரும் வாங்க மாட்டேன்றாங்க" என்று சிரித்தார். காகிதத்தின் மேல், 'சுத்தமான சீயக்காய்த் தூள்' என்று ரப்பர் ஸ்டாம்பு குத்தியிருக்கும். அதுவும் அச்சகத்தார் செய்துகொடுத்ததுதான். அவருக்கோ அஞ்சலைக்கோ எழுத்துத் தெரியாது.

நான் சீயக்காய்க் கம்பெனி ஆள் என்று சொல்லாமலே அன்று ஒரு டஜன் பாக்கெட் வாங்கினேன். "வூட்ல அம்மாவுக்கு" என்று ஒன்றைக் கூடுதலாகக் கொடுத்தார்.

வாங்கியதை வைத்து நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். பாக்கெட்டுகளைப் பிரித்து, அவர் பொடியை எங்கள் பச்சைப் பாக்கெட்டிலும், எங்கள் பொடியை அவருடைய கத்திரிப்பூக் காகிதத்திலும் மாற்றி நிரப்பினேன். பள்ளிப்பட்டில் எனக்குப் பழக்கமான கடைக்காரர் மூலம் சில வீடுகளுக்கு இதையும் சில வீடுகளுக்கு அதையும் கொடுக்கச் சொன்னேன். மறுவாரம் போய் விசாரித்தேன்.

எங்கள் பொடியைத் தேய்த்துக் குளித்த பெண் சொன்னார்: "இன்னா வாசன! ரெண்டு நாளைக்குத் தலயிலயே நின்னுச்சு. கத்திரிப்பூன்னா கத்திரிப்பூதான்."

கன்னியம்மாவின் பொடியைத் தேய்த்துக் குளித்தவர் முகத்தைச் சுளித்தார். "அந்தப் பச்ச எதுக்கும் ஆவாது சார். எண்ணெயே போவல."

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குத் தரையில் கால் பாவவில்லை. எவ்வளவு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற பெருமை. அந்த வாசனையும் அந்த நம்பிக்கையும் கன்னியம்மா வருஷக்கணக்கில் அரைத்துச் சம்பாதித்தவை, காகிதம் சும்மா அதைச் சுமந்துகொண்டிருக்கிறது என்ற எண்ணம் ஒரு கணம்கூட எனக்கு வரவில்லை.

மை கலந்த கதை

முதலாளி தெலுங்கு பேசுகிறவர். எல்லோரையும் 'நைனா' என்பார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"அப்ப பச்சைய தூக்கிப் போடு நைனா. நாமளும் கத்திரிப்பூ."

பட்டணத்து அச்சகத்துக்கு நானே கன்னியம்மாவின் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போனேன். மை கலக்குகிறவர் ஊதாவில் சிவப்பு சேர்த்தார். நான் தலையாட்டினேன். வெள்ளை சேர்த்தார். வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் வெளுக்கணும்" என்றேன். அரை நாள் ஆயிற்று. கடைசியில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எது எதுவென்று எனக்கே தெரியவில்லை. அந்த வெற்றியைக் கொண்டாட எதிரே இருந்த ஹோட்டலில் அவருக்கு நாஷ்டா வாங்கிக் கொடுத்தேன்.

'சுத்தமான சீயக்காய்த் தூள்' என்பதை ஸ்டாம்பு குத்தியது போலவே, அதே இடத்தில் போட்டோம். கம்பெனி பெயர் அடியில், எறும்பு வரிசை மாதிரி. எழுத்தை அவ்வளவு சிறிதாக்கலாம் என்று சொன்னதும் நான்தான்.

சரக்கு பறந்தது. எங்கள் வண்டி கன்னியம்மா போக முடியாத கிராமங்களுக்கெல்லாம் போயிற்று. கேட்ட கேட்ட கடைக்கு அனுப்ப முடியாமல் போனபோது, முதலாளி பொடியில் கை வைத்தார். சீயக்காய் பாதியாயிற்று. மிச்சத்துக்கு மரத்தூள். அழுக்கு எடுக்கச் சலவைச் சோடா.

எனக்குத் தெரியுமா? தெரியும். கொட்டகையின் பின்பக்கம் சோடா மூட்டைகள் இறங்குவதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு என் வீட்டுக்கு மட்டும் கன்னியம்மாவிடமே வாங்கிக்கொண்டு போனேன்.

"ஏன்னா, நம்ம கம்பெனிப் பொடி இருக்கறச்சே எதுக்கு வெளியில வாங்கறேள்?" என்று கேட்டாள் என் மனைவி ருக்மிணி.

"அது வேண்டாம்" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்டதுதான் எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"படிச்சு சொல்லுங்க ஐரே"

மழைக்காலம் முடிந்ததும் புகார் கிளம்பியது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, மண்டை புண்ணாகிறது என்று. யாரிடம் போய்ச் சொல்வார்கள்? கத்திரிப்பூக் காகிதம் என்றால் அவர்களுக்குத் தெரிந்த முகம் ஒன்றுதான். சந்தைக்கு வந்து கன்னியம்மாவைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

அன்று நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு பெண் தன் முக்காட்டை விலக்கி உச்சந்தலையைக் காட்டிக்கொண்டிருந்தார். வட்டமாக முடி உதிர்ந்து, தோல் சிவந்து பொருக்குத் தட்டியிருந்தது. அதைப் பார்த்துத்தான் கன்னியம்மா கொண்டையை அவிழ்த்தார். நான் முதலில் சொன்ன காட்சி அதுதான்.

கையை விரித்துக் காட்டியும் அந்தப் பெண் சமாதானமாகவில்லை. "இது உன்னுது இல்லியா? உன்னுது இல்லன்னு சொல்லு பாப்போம்" என்று இடுப்பில் செருகியிருந்த காலிப் பாக்கெட்டை எடுத்து நீட்டினார்.

கன்னியம்மா ஈரக் கையோடு வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கலரு நம்புள்துதான். ஆனா ஒட்டு நம்ம ஒட்டு மாதிரி இல்லியே..." என்றவர் நிமிர்ந்தார். அவர் கண்ணில் நான் பட்டேன்.

அந்த முகம் மலர்ந்ததை இப்போது நினைத்தாலும் என்னால் தாங்க முடியவில்லை.

"ஐரே! நல்ல நேரத்துல வந்தீங்க. இவுரு எங்கிட்ட வாடிக்கையா வாங்குறவரு, படிச்சவரு. பொய் சொல்ல மாட்டாரு. இதுல இன்னா எய்திகீதுன்னு படிச்சு சொல்லுங்க ஐரே."

பாக்கெட் என் கைக்கு வந்தது. அடியில் அந்த எறும்பு வரிசை தெளிவாகத் தெரிந்தது. எங்கள் கம்பெனி பெயர். கும்மிடிப்பூண்டி.

ஒரே ஒரு வரி. படித்திருந்தால் அந்த நிமிஷமே அவர் தலை நிமிர்ந்திருக்கும். கூட்டம் என் பையைப் பிடுங்கியிருக்கும், அடியும் விழுந்திருக்கும். முதலாளி என்னை ஏரியா மேனேஜர் ஆக்குவதாகச் சொல்லியிருந்தது வேறு ஞாபகத்துக்கு வந்தது. இதெல்லாம் நான் அப்போது யோசித்தேனா, பிற்பாடு சேர்த்துக்கொண்ட சாக்கா என்று தெரியவில்லை.

"ஈரத்துல எழுத்து கலைஞ்சு போயிருக்கும்மா. ஒண்ணும் படிக்க முடியல" என்றேன்.

சொல்லும்போதே என் விரல்கள் அந்தக் காகிதத்தைக் கசக்கிக்கொண்டிருந்தன.

கன்னியம்மாவின் முகம் மெதுவாக மாறியது. என்னைச் சந்தேகப்படவில்லை. அவர் திரும்பியது அஞ்சலை பக்கம்.

"நீதானேடி காய வெச்சே? நீதானே ஒட்னே? இன்னாத்த கலந்தே?"

"அண்ணி, நான் ஒண்ணியும் கலக்கல அண்ணி..."

நான் பஸ் வந்துவிட்டது என்று முணுமுணுத்துவிட்டு நகர்ந்தேன். பஸ் வரவில்லை. ஆந்திரா பக்கம் போகும் ரோட்டில் கொஞ்ச தூரம் சும்மா நடந்தேன்.

மஞ்சளுக்கு மாறினோம்

நான் வேலையை விட்டிருப்பேன் என்று நினைக்கிறீர்களா? விடவில்லை. ஏரியா மேனேஜர் ஆனேன்.

கத்திரிப்பூ நிறத்துக்குக் கெட்ட பேர் வந்துவிட்டது என்று நான் அறிக்கை எழுதினேன். முதலாளி படித்துவிட்டு, "அப்ப மஞ்சளுக்குப் போ நைனா" என்றார். போனோம். எங்களுக்கு அது அழுக்குச் சட்டையைக் கழற்றிப் போடுவது போல. ஒரே வாரத்தில் முடிந்தது. கன்னியம்மாவுக்கு மாற்றிக்கொள்ள வேறு நிறம் இல்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் நான் ஊத்துக்கோட்டைப் பக்கமே போகவில்லை. எனக்குக் கீழே வேலை செய்கிறவரை அனுப்பிவிடுவேன். ஒருமுறை தவிர்க்க முடியாமல் போனபோது, சந்தையில் அவர் உட்காரும் இடத்தில் வேறு யாரோ வளையல் விற்றுக்கொண்டிருந்தார்கள். டீக்கடையில் விசாரித்தேன்.

"அது வியாபாரத்த வுட்டு ஒரு வருசம் ஆவுது சார். நாத்தனாருக்காரி இன்னாத்தையோ கலந்து கெடுத்துட்டாளாம். ஊட்ட வுட்டே தொரத்திட்டாங்க. அந்தப் பொண்ணு எங்கியோ செங்கச் சூளையில கல்லு அறுத்துக்கினு கீதாம். பேஜாரான கதை."

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

கன்னியம்மா வீட்டு வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க ஐரே, எம்மாம் நாளாச்சு" என்று முறத்தைத் தள்ளி வைத்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். காகிதத்தை அச்சகத்துக்கு எடுத்துப் போனதிலிருந்து சோடா மூட்டை வரை.

முடித்த பிறகு அவர் கேட்டது ஒரே கேள்வி.

"அன்னிக்கு அந்தக் காயிதத்துல இருந்தது ஒனக்குப் படிக்கத் தெரிஞ்சுதா?"

முதல்முறையாக 'ஒனக்கு' என்றார்.

"தெரிஞ்சுது."

அவர் எழுந்து முன்றானையை உதறினார்.

"இத்த எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? வா."

நாகலாபுரம் ரோடு

அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால். மதிய வெயில். நாகலாபுரம் பக்கம் போகும் ரோடு. செங்கல் சூளைப் புகை தூரத்திலேயே தெரிந்தது.

அஞ்சலை முழங்கைவரை சேறாக, குனிந்து கல் அறுத்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். அண்ணியைப் பார்த்ததும் நிமிர்ந்து, மறுபடி குனிந்துகொண்டார். பக்கத்தில் ஏழெட்டுப் பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

"சொல்லு" என்றார் கன்னியம்மா என்னிடம்.

நான் தாழ்ந்த குரலில் ஆரம்பித்தேன்.

"ஒரக்கச் சொல்லு. அன்னிக்குச் சந்தையே கேட்டுது இல்ல? எல்லாரும் கேக்கட்டும்."

உரக்கச் சொன்னேன். பொடி எங்களுடையது என்று. அஞ்சலை எதையும் கலக்கவில்லை என்று. எழுத்து கலையவில்லை, எனக்குத் தெளிவாகத் தெரிந்தது, நான் பொய் சொன்னேன் என்று. வேலை செய்தவர்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். நின்று நின்று சொல்லி முடித்தேன்.

அஞ்சலை என்னைப் பார்க்கவே இல்லை. கையிலிருந்த அச்சைக் கீழே வைத்தார்.

"அண்ணன் எப்படி கீது அண்ணி?"

"கால் வலின்னு படுத்துக்கினு கீது. உன்னிய கேட்டுக்கினேதான் கீது."

"நீ சாப்ட்டியா?"

கன்னியம்மா இல்லை என்று தலையை ஆட்டினார். உதடு கோணிக்கொண்டது.

"உள்ள வா" என்றார் அஞ்சலை.

சூளையை ஒட்டி வரிசையாக இருந்த குடிசைகளில் ஒன்றுக்குள் இருவரும் குனிந்து நுழைந்தார்கள். தட்டி மூடிக்கொண்டது. உள்ளே பாத்திரம் உருளும் சத்தம், பிறகு யாரோ அழும் சத்தம். இருவரில் யார் என்று தெரியவில்லை.

மற்றவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். நான் வெயிலில் நின்றேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்ற வார்த்தையை நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அவர்கள் வெளியே வந்ததும் சொல்லலாம் என்று காத்திருந்தேன்.

வெயில் சாயும்வரை தட்டி திறக்கவில்லை. நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.